துறைமுகத்திலிருந்து தொடங்கலாம்

இம்ப்ரெஷனிசம் என்பது கணத்தில் கண்ணில் படும் ஒளியையும் நிறத்தையும் பிடிக்கப் பார்த்த, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியப் பாணி. அதைப் பிள்ளைகளுக்கு மோனே என்ற ஓவியரின் அல்லிக் குளப் படங்களிலிருந்து தொடங்கிச் சொல்லித்தரக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் படங்கள் அழகானவை, மறுப்பில்லை. ஆனால் அவை மோனே வயதான பிறகு, பேரும் பணமும் வந்த பிறகு, சொந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து வரைந்தவை. அதை முதலில் பார்க்கிற பிள்ளைக்கு இவர்கள் எல்லோரும் பூ, குடை, படகு சவாரி என்று சுகமாக வாழ்ந்தவர்கள் என்றுதான் படும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியறையில் சனி, ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் வருகிறார்கள்; எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. அல்லிக் குளத்தைக் காட்டினால் "ஊட்டி மாதிரி இருக்கு மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதில் அவர்களுக்கு வேலை எதுவும் இல்லை.

அதனால் நான் துறைமுகத்தைத்தான் முதலில் காட்டுகிறேன். மோனே பிறந்தது பாரிசில், 1840-ல். வளர்ந்தது லெ ஹாவ்ர் என்ற துறைமுக ஊரில். அவருடைய அப்பா கப்பல்களுக்குப் பலசரக்கு கொடுக்கும் குடும்ப வியாபாரத்தில் இருந்தவர். இதைச் சொன்னதுமே ராயபுரத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிப்பட்ட கடைகளும் குடோன்களும் அவர்கள் பார்த்தவைதானே. 1872-ல் அந்த ஊருக்குத் திரும்பப் போனபோது, துறைமுகத்தைப் பார்த்திருந்த ஒரு ஓட்டல் ஜன்னலிலிருந்து மோனே வரைந்ததுதான் 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்'. இன்று பாரிசில் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 48 சென்டிமீட்டர், அகலம் 63. நாங்கள் வகுப்பில் எடுக்கும் சார்ட் பேப்பரைவிடச் சின்னது. சாம்பல் நீலத்தில் ஒரு காலை, முன்னால் சின்னத் துடுப்புப் படகுகள், பின்னால் பாய்மரங்கள், கிரேன்கள், புகைபோக்கிகள், ஆரஞ்சு வட்டமாகச் சூரியன். பூவும் இல்லை, குடையும் இல்லை.

காசிமேட்டுப் பையன் ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "காத்து எந்தப் பக்கம் மிஸ்?" கேட்டுவிட்டு அவனே புகை சாய்ந்திருக்கும் திசையைத் தேடிப் பார்த்தான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அமெரிக்காவில் வானியல் பேராசிரியர் ஒருவர் இதே படத்தை வைத்துக்கொண்டு, சூரியன் நிற்கும் உயரம், கடல்நீர் ஏற்றம், புகை சாயும் திசை, அந்தக் காலத்து வானிலைக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது 1872 நவம்பர் 13-ம் தேதி காலை ஏழரை மணி வாக்கில் தெரிந்த காட்சி என்று கணக்குப் போட்டிருக்கிறார். மங்கலாகத் தெரிகிற படத்துக்குள் அவ்வளவு துல்லியம் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் "கையில வந்தத இழுத்து வச்சிருக்காரு" என்ற பேச்சு வகுப்பில் எழாது.

அந்தப் பேச்சு முதலில் எழத்தான் செய்யும். "முடிக்கலியா மிஸ் இவரு?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1874 ஏப்ரல் 15 அன்று பாரிசில், நாதார் என்ற புகைப்படக்காரர் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த இடத்தில், மோனே, ரெனுவார், பிசாரோ, தெகா, மொரிசோ, செசான் உட்பட முப்பது பேர் தாங்களே சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அரசு ஆதரவில் நடந்த சலோன் கண்காட்சியின் தேர்வுக் குழு எடுப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் வரை காத்திருக்க அவர்களுக்கு இஷ்டமில்லை. அங்கே வந்த லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் கேட்டதேதான். சுவரில் ஒட்டும் காகிதம்கூட இந்தக் கடல் படத்தைவிட முழுமையாக இருக்கிறது என்று எழுதினார். மோனே படத்தின் பெயரை வைத்தே கிண்டலாக அவர் போட்ட 'இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி' என்ற தலைப்புதான் அந்தக் கூட்டத்துக்கே பெயராக நின்றுவிட்டது.

சரி, ஏன் முடிக்காத மாதிரி இருக்கிறது? இங்கே நான் போனை எடுக்கச் சொல்வேன். அந்தப் படத்தைத் திரையில் வைத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சுற்றியிருக்கும் சாம்பல் வானமும் அந்த ஆரஞ்சும் ஒரே அளவு வெளிச்சம். வேறுபடுவது நிறம் மட்டும்தான். நம் மூளையில் வெளிச்சத்தைக் கவனிக்கும் பகுதிக்கு அந்தச் சூரியன் தெரிவதில்லை, நிறத்தைக் கவனிக்கும் பகுதிக்குப் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் அது ஓரிடத்தில் நிற்காமல் லேசாகத் துடிப்பதுபோல் இருக்கிறது. பிள்ளைகள் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அடுத்து நிழல். எங்கள் பிள்ளைகள் நிழல் என்றால் கறுப்பு போஸ்டர் கலர் பாட்டிலைத் திறப்பார்கள். மரம் என்றால் பிரவுன், வானம் என்றால் ஸ்கை ப்ளூ. யார் கற்றுக்கொடுத்தது என்று தெரியாமலே கைக்கு வந்துவிட்ட பழக்கம். இதை உடைக்க எனக்குக் கிடைத்த சிறந்த பொருள் வெள்ளை வேட்டி. மாடிக் கொடியில் ஒன்றைக் காயப்போட்டு, வெள்ளையையும் கறுப்பையும் தொடாமல் வரையச் சொல்வேன். முதல் கால் மணி நேரம் முணுமுணுப்புதான். அப்புறம் ஒருத்தி "மடிப்புல நீலம் தெரியுது மிஸ்" என்பாள். இன்னொருத்தன் பக்கத்துச் சுவரின் காவி நிறம் துணியின் ஓரத்தில் ஏறியிருப்பதைக் கண்டுபிடிப்பான். வெயில் படும் இடம் மஞ்சள், வானத்தைப் பார்த்திருக்கும் மடிப்பு நீலமும் ஊதாவும். மோனே, பிசாரோ, ரெனுவார் பனியில் விழுந்த நிழலை நீலமாக வரைந்ததும் இதனால்தான். வண்ணாரப்பேட்டையில் கும்பெனிக் காலத்திலிருந்து துணி வெளுத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணியை வெயிலில் வைத்துப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

துணி என்றதும் ஷெவ்ரல் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரிசில் கோபலான் என்ற அரசு நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் அவர். கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை எதுவும் இல்லை; கறுப்புக்குப் பக்கத்தில் வைத்து நெய்த நிறம்தான் அதை அப்படிக் காட்டியது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் விதத்தை ஆராய்ந்து 1839-ல் புத்தகமாகப் போட்டார். பின்னால் வந்த ஓவியர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். எம்.சி. ரோட்டில் துணிக் கடையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவரிடம் அவர் மகள் இதைச் சொல்லியிருக்கிறாள். "இது தெரியாமலா மேட்சிங் பிளவுஸ் துணியப் புடவை மேலயே வச்சுப் பார்க்கச் சொல்றோம்" என்றாராம். அடுத்த வாரமே அந்தப் பெண் கடையிலிருந்து வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். ஒரே சிவப்பைப் பச்சை மேலும் ஆரஞ்சு மேலும் வைத்துப் பார்த்தோம். இரண்டு சிவப்பு.

தெகா இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் தனி ரகம். வெளியில் போய் வரைவது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் எங்கள் பேட்டைக்கு அவர்தான் ரொம்ப நெருக்கம் என்று நினைக்கிறேன். பாலே ஆடும் பெண்களை வரைந்தவர் என்றுதான் எல்லோரும் அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். நான் 1884-க்கும் 1886-க்கும் இடையில் அவர் வரைந்த இஸ்திரி போடும் பெண்களைக் காட்டுகிறேன். ஒருத்தி கையில் பாட்டிலுடன் வாய் நிறையக் கொட்டாவி விடுகிறாள். மற்றவள் இரண்டு கையாலும் பெட்டியை அழுத்திக் குனிந்திருக்கிறாள். தோள்பட்டையின் களைப்பு அப்படியே தெரியும். அதுவரை ஓவியத்தில் தேவதைகளும் ராணிகளும் நின்ற இடத்தில் இப்போது இஸ்திரிப் பெட்டி. நவீன ஓவியத்தின் ஆரம்பம் என்று கேட்டால் தூரிகை வீச்சைச் சொல்வதற்கு முன் நான் இதைத்தான் சொல்வேன்: யாரை வரையலாம், எதை வரையலாம் என்பதில் வந்த மாற்றம்.

"பொம்பளைங்க யாரும் வரையலியா மிஸ்?" என்பதும் வழக்கமாக வரும் கேள்வி. பெர்த் மொரிசோ இருந்தார். 1874 முதல் 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் படங்கள் இருந்தன. பாரிசின் பெரிய அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவருடைய 'தொட்டில்' படத்தில் வலைத்துணிக்குப் பின்னால் தூங்கும் குழந்தையை எத்தனை வெள்ளைகளில் வரைந்திருக்கிறார் பாருங்கள். வேட்டி வரைந்த பிள்ளைகளுக்கு அதன் அருமை உடனே புரிகிறது.

ரயிலும் டியூபும் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது. முன்பெல்லாம் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். வெளியில் தூக்கிப்போவது பெரிய தொல்லை. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். டியூபை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினால் ஆற்றங்கரை. அந்த ரயிலையே மோனே வரையவும் செய்தார்: 1877-ல் பாரிசின் சான் லசார் ஸ்டேஷனை மட்டும் பன்னிரண்டு படங்கள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே நீலமாகச் சுருளும் நீராவி. ராயபுரம் ஸ்டேஷன் அதற்கும் மூத்தது, 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை.

எண்ணூர்ப் பெண் ஒருத்தி கேட்டதுதான் என்னை நிறுத்தி வைத்தது. வானம், புகை, கதிர் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டுப் பக்கம் புகையில தம்பிக்கு இருமல் நிக்கல. அத அழகா வரையணுமா மிஸ்?" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் பிசாரோவை எடுத்தேன். 1873-ல் பிரான்சில் பொந்துவாஸ் ஊருக்குப் பக்கத்தில், உவாஸ் ஆற்றங்கரைத் தொழிற்சாலையை அவர் வரைந்திருக்கிறார். புகைபோக்கி உயர்ந்து நிற்கும், புகை வானத்தில் கலக்கும், கீழே ஆறு ஓடும். பாராட்டுப் படமும் இல்லை, கண்டனப் போஸ்டரும் இல்லை. அங்கே என்ன இருந்ததோ அதை மறைக்காமல் வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஆற்றங்கரைப் படம் வரைந்தவர்களில் பலர் புகைபோக்கியை விட்டுவிட்டு மரத்தை மட்டும் வரைவார்கள். "அழகா வரைய வேண்டாம். எந்த நிறமோ அந்த நிறத்துல வரைஞ்சுட்டு வா" என்றேன். அவள் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை வரைந்து வந்தாள். புகைக்குச் சாம்பலைத் தொடவே இல்லை. அழுக்கு மஞ்சள், அதற்குள் கொஞ்சம் ஊதா. தண்ணீர் ஓரத்தில் வெளிறிய ஒரு நிறம். அது சாம்பல் படிந்த சேறு என்று அவளே விளக்கினாள். அந்தப் படத்தில் யாரும் அவளிடம் முடிக்கலியா என்று கேட்கவில்லை.

இனி செசானுக்குப் போக வேண்டும். 1874 கண்காட்சியில் இருந்தவர்தான், ஆனால் கணத்துக்குக் கணம் மாறும் ஒளி மட்டும் அவருக்குப் போதவில்லை. ஆப்பிளையும் மேசையையும் திரும்பத் திரும்ப வரைந்தார். மேசையின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே கோட்டில் வராது. ஒரே படத்தில் இரண்டு இடத்திலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். அவர் இறந்தது 1906 அக்டோபர் 22. நம் ராஜா ரவி வர்மா இறந்தது அதே அக்டோபர் 2-ம் தேதி. இருபது நாள் இடைவெளி. மறு வருஷம் பிக்காசோ 'அவிஞோன் பெண்கள்' வரைகிறார், ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி ஒரே படத்தில் காட்டும் கியூபிசத்துக்கு வழி திறக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஓவியம் என்றால் ரவி வர்மாதான். வீட்டு சாமி படங்களே அந்த வழியில் வந்தவை. அந்த மதிப்பைக் குறைக்கிற எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவருடைய அசல் ஓவியங்கள் இருக்கின்றன. பரீட்சை முடிந்ததும் எல்லோரையும் அங்கே கூட்டிப்போகப் போகிறேன். செசானின் ஆப்பிள் படங்களைக் கலர் பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடுவேன். ரவி வர்மா புடவையின் மடிப்பில் நிழலுக்கு என்ன நிறம் வைத்திருக்கிறார், செசான் ஆப்பிளின் நிழலுக்கு என்ன வைத்திருக்கிறார் என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வர வேண்டும். அங்கிருந்து பக்கத்தில்தான் 1850-ல் தொடங்கிய ஓவியக் கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் வாசலையும் பார்த்துவிட்டு வரட்டும். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடப்போகிறவர்கள் அவர்கள்.