வேர்க்கடலையும் ஆர்ஜினினும்

"நிறைய வாங்கு. கடலைல இருக்கிற ஆர்ஜினின் நுரையீரலுக்கு நல்லதாம், வாட்ஸ்அப்புல வந்துச்சு" என்றார் மாமா, காட்பாடி ஸ்டேஷன் வாசலில்.

படியேறி இறங்கியதில் மூச்சு இரைத்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றுதான் இதையே சொன்னார்.

பாதி சரி. ஆர்ஜினின் என்பது புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. அதிலிருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது. இரத்தக் குழாயைத் தளர்த்தும் வாயு. இது தொடர்பான கண்டுபிடிப்புகளுக்கு 1998இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

மீதிப் பாதி ஃபார்வர்டில் வராது.

நம் புரதங்களில் இருக்கும் ஆர்ஜினின் மேல் மெத்தில் குழு என்ற சின்ன வேதித் துணுக்கை ஒட்டும் நொதிகள் உண்டு. பிஆர்எம்டி என்று பெயர், 9 வகை. ஒட்டுவதில் தப்பில்லை, மரபணுக்கள் ஒழுங்காக இயங்க அது தேவை. ஆனால் அந்தப் புரதம் சிதையும்போது ஏடிஎம்ஏ என்று ஒன்று வெளியே வருகிறது. கிட்டத்தட்ட ஆர்ஜினின் ஜாடை. நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதிக்குள் போலிச் சாவி போல நுழைந்து, அது உருவாகாமல் தடுத்துவிடும்.

நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடிய நோயாளிகளின் இரத்தத்தில் ஏடிஎம்ஏ அதிகம் காணப்படுகிறது. ஆஸ்துமாவிலும் இதன் பங்கை ஆராய்கிறார்கள்.

அப்புறம், ஏடிஎம்ஏவை உடைக்க டிடிஏஎச் என்ற இன்னொரு நொதி இருக்கிறது. அது மந்தமானால் கடலையை மூட்டையாகத் தின்றாலும் தடை நீங்கிவிடும் என்று நம்ப முடியாது.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "இன்ஹேலரை தினமும் இழுக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

பதில் வரவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன்.