கடதாசியில் ஒரு கல்வெட்டு

பூட்டன், அதாவது அம்மம்மாவின் அப்பா, செத்தது எந்த வருஷம் என்று கேட்டால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. பெரியம்மா "வெள்ளம் வந்த வருஷம்" என்பா. குஞ்சம்மா "இல்லை, புயலடிச்ச வருஷம்" என்பா. வெள்ளம் 1957 டிசம்பர். புயல் 1964 டிசம்பர், தனுஷ்கோடியை அழித்த அதே புயல். இடையில் ஏழு வருஷம். செத்தவீட்டன்று மழை பெய்தது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

பூட்டன் மலாயா ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து, பென்ஷன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் திரும்பி வந்தவர். சைவக் குடும்பம். எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டால், சுடலையில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆனால் யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டியது மட்டுமல்ல. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற மெல்லிய புத்தகத்துக்கும் அதுதான் பெயர். இப்போது நினைவு மலர் என்கிறார்கள், கலர்ப்படம் எல்லாம் போட்டு. 'நூலகம்' என்ற ஈழத்து எண்ணிம நூலக இணையத்தளத்தில் இப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடி ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஒருமுறை உள்ளே போனால் இரவு போய்விடும். பழைய கல்வெட்டுகளில் தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று வரிசையாக வரும். புலம்புவது மனைவியுமல்ல மக்களுமல்ல, எழுதிக் கொடுத்த ஊர்ப் புலவர்தான். எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு பாட்டு: செத்த வருஷம், மாதம், திதியைச் சொல்லும் திதி வெண்பா.

பூட்டனுடைய கல்வெட்டு அம்மம்மாவின் பெட்டகத்தின் அடியில், பாதி செல்லரித்துக் கிடந்தது. வெண்பாவில் இரண்டாவது அடி போய்விட்டது. மிச்சத்தில் ஏவிளம்பி, மார்கழி, பூர்வபக்க (வளர்பிறை)ப் பஞ்சமி என்று தப்பியிருந்தது. திவசம் திதி பார்த்துத்தானே செய்கிறோம், ஆங்கிலத் தேதி புலவருக்கு எதற்கு? 60 வருஷச் சுற்றில் ஏவிளம்பி வருவது 1897, 1957, 2017. 1897இல் பூட்டன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். புயலடித்த 1964 குரோதி வருஷம். ஆக 1957 டிசம்பர் கடைசிக் கிழமை. பெரியம்மாவுக்கு வெற்றி. குஞ்சம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தில் தேடிப் பயனில்லை. அங்கத்தைய ஈழநாடு பத்திரிகை தொடங்கியதே 1959இல். பொதுசன நூலகத்தில் இருந்ததெல்லாம் 1981இல் ஏறக்குறைய 97,000 புத்தகங்களோடு சேர்ந்து எரிந்துபோனது. ஈழநாடு காரியாலயத்துக்கும் அதே நாட்களில்தான் நெருப்பு வைத்தார்கள். அதனால் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், 1958 ஜனவரி வீரகேசரிக் கட்டைப் புரட்டினேன். தாள் மஞ்சளாகி, விரல் பட்டால் பொடியாக உதிர்கிறது. சினிமா விளம்பரங்களில் இடையிடையே மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் மரண அறிவித்தலைப் போல ஒரு குடும்பக் கணக்கு வேறெங்கும் கிடையாது. இன்னாரின் மைந்தரும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னின்னாரின் தந்தையும் என்று ஆறே வரியில் மூன்று தலைமுறை. பூட்டனுடையதும் அப்படித்தான் இருந்தது. 'தந்தையுமாவார்' என்ற இடத்தில் நாலு பெயர். சரியென்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கோலாலம்பூர் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. படத்தில் ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது கைக்குழந்தை என்றால் சின்னதிலேயே போயிருக்கும் என்று விடலாம். இது எல்லாரிலும் உயரமான பெட்டை, பாவாடை தாவணியோடு, பூட்டனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறா. கல்வெட்டை மறுபடி எடுத்தேன். மக்கள் புலம்பலிலும் நாலு பேர்தான் புலம்புகிறார்கள்.

அம்மம்மா தேங்காய் துருவும்போது பழைய கதைகளில் "உடுவில் அக்கா" என்று ஒருத்தி வருவா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உடுவிலுக்குப் போனேன். அமெரிக்க மிஷன்காரர் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பங்கள் கனக்க. அவர்களுடைய கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் விடியப்புறமே நின்றேன், சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்துத் தெரியும். கல்லுக்குச் சோக் பூசுவதோ கம்பித் தூரிகையால் உரஞ்சுவதோ கூடாது. போத்தல் தண்ணீரும் பழைய பல்தூரிகையும் போதும்.

மூன்றாம் நாள், வேலியோரம் ஒரு சின்னக் கல். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.' புருஷனுடைய பெயர் இங்கிலீசுப் பெயர். அதற்குக் கீழே, மானிப்பாய், எப்.எம்.எஸ். ரெயில்வே (அந்த மலாயா ரெயில்வேதான்) என்ற விபரத்தோடு, பூட்டனுடைய முழுப் பெயர். 'அவர்களின் சிரேஷ்ட புத்திரி.'

படம் எடுத்துக்கொண்டு வந்து பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒரு நிமிஷம் பார்த்தா.

"ஓ, மூத்த பெரியம்மா. கொம்மம்மா நத்தாருக்கு நத்தார் ஒளிச்சுப் போய்ப் பலகாரம் குடுத்திட்டு வாறவ."

"ஏன் பெரியம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ எப்ப கேட்டனி? வருஷத்தையல்லோ கேட்டுக்கொண்டிருந்தனி."