லைனிங் தோலுக்கு குரோம்-6 டெஸ்ட் எடுத்த அனுபவம்

ராணிப்பேட்டையில் ஷூவின் உட்பக்கம் வைக்கும் ஆட்டுத்தோல் லைனிங் செய்யும் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) தரப் பிரிவைப் பார்க்கிறேன். 2015 மே முதல் ஐரோப்பாவில் ஒரு விதி: உடம்பில் படும் தோல் பொருளில் குரோம்-6 (குரோமியத்தின் கெடுதலான வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்க முடியாது. லைனிங் நாள் முழுக்கப் பாதத்தோடு ஒட்டிக் கிடக்கும், வியர்வையில் ஊறும். குரோம் அலர்ஜி ஒருமுறை வந்தவருக்கு லேசில் விடாது. பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிப்பு, கொப்புளம், வெடிப்புதான்.

தோலைப் பதனிட நாங்கள் ட்ரம்மில் போடுவது குரோம்-3. அதில் ஒரு பகுதி குரோம்-6 ஆக மாறுவது பெரும்பாலும் பிறகுதான். சில வகை மீன் எண்ணெய் ஃபேட்லிக்கர் (தோலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்க் கலவை), சாயம் உள்ளே இறங்கச் சேர்க்கும் அம்மோனியா, வெயில், வறண்ட சூடு எல்லாமே அதற்குத் துணை போகும். அதனால் புதுத் தோலை மட்டும் சோதித்து வாங்கும் ரிப்போர்ட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. கன்டெய்னரிலும் கடை அலமாரியிலும் கிடந்த பிறகு அந்தத் தோல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? ஏஜிங் செய்து, அதாவது தோலைச் செயற்கையாகப் பழசாக்கி, சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். 80 டிகிரி சூட்டில், ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழே, 24 மணி நேரம் வைத்து எடுப்பார்கள்.

சாம்பிளை ஓரத்துக் கழிவில் வெட்டாமல், ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த தோலிலிருந்தே எடுத்தோம். லேபில் அதைத் தூளாக்கி, பி.எச் 8 அளவில் உள்ள பாஸ்பேட் கரைசலில் மூன்று மணி நேரம் குலுக்குகிறார்கள். காற்று பட்டு முடிவு மாறிவிடாமல் இருக்க ஆர்கானோ நைட்ரஜனோ விடுவார்கள். வடித்த நீரில் டைபினைல் கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், குரோம்-6 இருக்கும் அளவுக்குச் சிவந்த ஊதா நிறம் ஏறும். பீஜ் (வெளிர் பழுப்பு) தோலுக்கு இது சரி. கறுப்புத் தோலில் சாயமே கசிந்து நீர் கலங்கிவிடுகிறது, நிறத்தை வைத்து என்ன அளப்பது? அதற்கு ஐ.எஸ்.ஓ 17075-2, அதாவது குரோம்-6-ஐத் தனியாகப் பிரித்து அளக்கும் அயான் குரோமட்டோகிராபி முறையைக் கேட்டு வாங்கினேன்.

கறுப்பு லாட் புதிதாக இருந்தபோது தேறியது, ஏஜிங்குக்குப் பிறகு வரம்பைத் தாண்டியது. பீஜ் இரண்டிலும் தேறியது.

அந்த லாட்டை அனுப்பவில்லை. பதனிடும் மாஸ்டரோடு உட்கார்ந்து ரெசிப்பியை வரி வரியாகப் பார்த்தோம். அம்மோனியாவை நிறுத்தினோம். மீன் எண்ணெய்க்குப் பதில் சிந்தெடிக் ஃபேட்லிக்கர். ரீடேனிங்கில் (மறுபதனிடும்போது) தாரா என்ற தாவர டேனினைச் சேர்த்தோம். தாவர டேனின் குரோம்-6 ஆகும் இந்த மாற்றத்தைத் தடுக்க உதவும். மிமோசா என்ற இன்னொரு தாவர டேனினும் அந்த வேலையைச் செய்யும், ஆனால் வெளிர் நிறத் தோலைச் சிவக்க வைத்துவிடும். கடைசியில் பார்மிக் ஆசிட்டில் பி.எச்சை 4-க்குக் கீழே இறக்கி நன்றாக அலசினோம். செலவு கூடியது, சாயம் இறங்கவும் நேரம் பிடித்தது. முதலாளி முகம் சுளித்தாலும் நான் விட்டுக் கொடுக்கவில்லை. அடுத்த கறுப்பு லாட் ஏஜிங் தாண்டியும் தேறியது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் பார்க்காதீர்கள். ஏஜிங் செய்தார்களா, எந்த முறையில் அளந்தார்கள், எந்த நிறத் தோலில் எடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு நிறத்துக்கு வாங்கிய ரிப்போர்ட்டை இன்னொரு நிறத்துக்குக் காட்ட முடியாது. ஃபேட்லிக்கர் கம்பெனி மாறினாலும் நான் மறுபடி டெஸ்ட்டுக்கு அனுப்புகிறேன்.