மூலையில் ஒரு நீலம்

மார்ச் 3
மூன்றடிக்கு நாலடி கேன்வாஸ். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். வெறும் வெள்ளையைப் பார்த்தால் எனக்குக் கை எழாது. பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராய்க் கரைத்துத் துணியால் முழுக்க இழுத்துவிட்டேன். கடைசியில் இந்தச் செம்மண் நிறம் இடுக்குகளில்தான் எட்டிப் பார்க்கும். மேலே வரப்போகும் நீலத்தைத் துடிக்கவைக்க அது போதும்.

மார்ச் 4
டிஷ்யூ தாளையும் பழைய கணக்கு நோட்டின் கிழிசல்களையும் மேட் மீடியம் என்ற பளபளக்காத அக்ரிலிக் பசை தடவி ஒட்டினேன். செய்தித்தாள் வேண்டாம். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டால் பழுத்துப்போகும். பட்டு அறிந்தவன் நான். "ஒட்டினால் அது ஓவியமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1912-இலேயே பிக்காசோ தன் ஓவியத்தில், பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒட்டி, ஓரம் முழுக்கக் கயிறும் சுற்றிவிட்டார்.

மார்ச் 6
அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, வெள்ளை சேர்த்த சாம்பல். நேற்று மாலை சரியாக இருந்தது, காலையில் ஒரு படி இருண்டிருக்கிறது. அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். எத்தனை வருடமாகத் தெரியும்! இன்னும் ஏமாறுகிறேன்.

ஆனால் இடது மேல் மூலையில் ஒன்று நடந்தது. சுருங்கி ஒட்டிய டிஷ்யூ மீது தாலோ நீலத்தை அடியிலுள்ளது தெரியும்படி மெல்லிய கிளேஸாக விட்டேன். சுருக்கங்களில் தேங்கி இருண்டது, மேடுகளில் சியன்னா மினுங்கியது. கையகலம்தான். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9
அவசரத்தில் எண்ணெய் பாஸ்டல் கோடுகளின் மேல் அக்ரிலிக் போட்டேன். முத்து முத்தாய்த் திரண்டு விலகி நின்றது. பார்க்க அழகு, ஆனால் பிடிப்பே இல்லை, என்றைக்காவது உரியும். சுரண்டி எடுத்தேன். பாஸ்டல் இனி கடைசி அடுக்கில்.

மார்ச் 15
ஆறு நாளாக நகரவில்லை. ஆரஞ்சு வைத்தேன், நீலத்துக்கு ஒத்துவரவில்லை என்று அழித்தேன். ஓக்கர் என்ற மண்மஞ்சள் வைத்தேன், அதையும் அழித்தேன். கேன்வாஸைத் தலைகீழாக நிறுத்தியபோதுதான் உறைத்தது: மூன்றடிக்கு நாலடி முழுவதும் அந்தக் கையகல மூலைக்கு வேலைக்காரனாய் நிற்கிறது.

மார்ச் 16
மூடிவிட்டேன். டைட்டானியம் வெள்ளையில் துளி ஓக்கர், அகலமான கத்தி, ஒரே இழுப்பு. உடனே மனசு கேட்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். மேடுகளில் வெள்ளை விலகியது, சுருக்கங்களில் தங்கிவிட்டது. இருண்ட நரம்புகளாய் இருந்தவை இப்போது வெள்ளை நரம்புகள். அன்று பார்த்த நீலம் இல்லை இது. பிற்பகல் ஆரஞ்சைத் திரும்ப வைத்தேன், நின்றது.

வலது ஓரத்தில் கணக்கு நோட்டின் ஒரு 7 மட்டும் மூடாமல் தெரிகிறது. அதை இருக்கவிடுவதா என்று நாளைக் காலை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.