கீழத்தெருவும் ஏரிக்கரையும்: ஓர் ஊராட்சித் தலைவரின் நாட்குறிப்பு

15 ஆகஸ்ட் 2024, வியாழன்

காலையில் ஊராட்சி மன்ற அலுவலகத்தில் கொடியேற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு, வேப்பமரத்தடியில் கிராம சபை கூடியது. எங்கள் ஊரைப் போல மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிகளில் 100 பேராவது வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். இன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் ரேகையுமாக 114 பேர் இருந்தார்கள். வழக்கமாக ஊராட்சிச் செயலர்தான் வரவு செலவு அறிக்கையை வாசிப்பார். இந்த முறை நானே வாசித்தேன். எண்கள் என் வாயிலிருந்து வந்தால்தான் கேள்விகளும் என்னை நோக்கி வரும் என்று எண்ணினேன். அப்படியேதான் நடந்தது.

கீழத்தெருப் பெரியம்மா ஒருவர் எழுந்து, "ரோடு போட்டீங்க, நல்லதுதான் பிரசிடெண்டம்மா. ஆனா மழை பேஞ்சா தண்ணி எங்க போவும்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். 2022இல் அந்தத் தெருவுக்குப் பேவர் பிளாக் கல் பதித்தோம். பழைய சிமெண்ட் சாலையைப் பெயர்க்காமல், அதன்மேலேயே மண்ணும் ஜல்லித் தூளும் பரப்பிக் கல்லைப் பதித்ததால், தெரு ஒரு சாணுக்குக் குறையாமல் உயர்ந்துவிட்டது. வீட்டு வாசற்படிகள் பழைய மட்டத்திலேயே நிற்கின்றன. வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்டவள் நான். பெரியம்மாவிடம் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஏரியின் கலங்கலிலிருந்து உபரி நீர் வெளியேறும் வாய்க்காலை அளந்து தூர்வார வேண்டும் என்றும், கீழத்தெருவின் தண்ணீரை அந்த வாய்க்காலில் சேர்க்க வேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேற்றினோம்.

30 ஆகஸ்ட் 2024, வெள்ளி

தீர்மானத்தின் நகலோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்வந்தேன். ஊர் மக்கள் பலருக்குத் தெரியாத ஒரு விவரத்தை இங்கே எழுதிவைக்கிறேன். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. எங்கள் ஏரி இரண்டாம் வகை. நமக்கு மேற்கே உள்ள பெரிய ஏரியோ முதல் வகை. மேலேரி நிரம்பி வழிந்து கோடி போனால் அந்தத் தண்ணீர் நம் ஏரிக்கு வரும். நம் ஏரி கோடி போனால் அது கீழத்தெருவின் ஓரமாக ஓடும். தண்ணீருக்கு ஒரே வழிதான். கோப்புகள்தான் இரண்டு அலுவலகங்களில் கிடக்கின்றன.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தலைவர் நினைத்தால் நாளைக்கே செய்யலாமே" என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் பிற தேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்றாலும், அதிலிருந்து சம்பளம் கொடுக்கக் கூடாது. மாநில நிதி ஆணைய மானியத்தில் பெரும்பகுதியை மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்குமான மின்கட்டணம் எடுத்துக்கொள்கிறது. நானும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் அளித்தால்தான் ஒரு ரூபாயானாலும் கணக்கிலிருந்து வெளியே போகும். இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் நியாயமானவை என்றே கருதுகிறேன். ஆனால் இவற்றை அறியாத ஊருக்கு, வேலை தாமதமாவது தலைவரின் அலட்சியமாகத்தான் தெரியும். ஆகவே வரவு செலவு விவரத்தை மாதம் ஒருமுறை அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

2 அக்டோபர் 2024, புதன்

காந்தி பிறந்த நாள் கிராம சபை. கூட்டத்தில் பாதி நேரம் கலைஞரின் கனவு இல்லம் பட்டியலுக்கே போயிற்று. 360 சதுர அடியில் வீடு கட்டிக்கொள்ள ரூ.3.50 லட்சம் தரும் திட்டம் அது. குடிசையில் இருப்பவருக்குச் சொந்தப் பட்டா இருக்க வேண்டும் என்பது விதி. உபரி நீர் வாய்க்கால் கரையில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. ஊரில் வீடு மிகவும் தேவைப்படுபவர்கள் அவர்கள்தான். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கொடுக்க முடியாது என்பதால் அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. வாய்க்காலைத் தூர்வார ஆகஸ்டில் ஒருமனதாகக் கைதூக்கிய சபை, அந்த மூவரும் எங்கே போவார்கள் என்று இன்று கேட்டபோது அமைதியாக இருந்தது. ஊரின் வடக்கே நத்தம் புறம்போக்கில் (குடியிருப்புக்கான அரசு நிலத்தில்) அவர்களுக்கு மனை ஒதுக்கக் கோரி வட்டாட்சியருக்கு மனு கொடுக்க முடிவு செய்தோம். மனை கிடைத்த பின்னரே வாய்க்கால் கரையில் கை வைப்பது என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

20 அக்டோபர் 2024, ஞாயிறு

2021இல் இதே நாளில் பதவியேற்றோம். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. இன்று வேறு வேலை எதுவும் இல்லாததால், தொட்டி இயக்கும் தம்பியோடு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மேலே ஏறிப் பார்த்தேன். உள்சுவரில் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கிறது. கடைக்கோடிக் குழாயில் பிடித்த தண்ணீரில் அவர் சொட்டு மருந்தை விட்டு, மஞ்சள் நிறம் வருவதைக் காட்டினார். அங்கேயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஊரின் சரிவு முழுவதும் தெரிகிறது: ஏரி, கரை, கலங்கல், பிறகு கீழத்தெரு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, சாலைக்கு மதிப்பீடு போடும் முன்பே, நான் இங்கே ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

23 நவம்பர் 2024, சனி

உள்ளாட்சி நாளான நவம்பர் 1ஆம் தேதி நடந்திருக்க வேண்டிய கிராம சபை, தீபாவளியை ஒட்டி விடுமுறை விடப்பட்டதால் இன்றைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. தூய்மைக் காவலர்களுக்குச் சால்வை போர்த்தினோம். மனை மனு நிலுவையில் இருக்கிறது. வாய்க்காலில் கரையோரக் குடிசைகளைத் தொடாமல், கருவேல முட்செடிகளை மட்டும் நூறு நாள் வேலையில் வெட்டி அகற்றினோம். ஏரி முக்கால் பங்கு நிரம்பியிருக்கிறது. மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வருகின்றன.

1 டிசம்பர் 2024, ஞாயிறு

கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்பதால் இதைத் தாளில் எழுதுகிறேன். மின்சாரம் வந்த பின் பதிவிடுவேன்.

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டத்தின் எங்கள் மயிலம் பகுதியில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருப்பதாக வானொலியில் கேட்டோம். ஊர்ப் பெரியவர்கள் எவரும் இப்படி ஒரு மழையைக் கண்டதில்லை என்கிறார்கள்.

வாய்க்கால் கரையின் மூன்று குடும்பங்களையும் நேற்று மாலையே பள்ளிக்கு அழைத்து வந்துவிட்டோம். ஒருவர் மட்டும் ஆட்டை விட்டு வர மறுத்தார். ஆடுகளையும் ஓட்டி வந்து சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் கட்டிய பிறகே அவர் வந்தார்.

இரவு இரண்டு மணி இருக்கும். மதகுக்குப் பக்கத்தில் கரையின் வெளிப்புறத்தில் தண்ணீர் கசிவதாகச் சொல்லி ஓர் இளைஞர் ஓடி வந்தார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது விரல் பருமனுக்கு ஒரு தாரை வந்துகொண்டிருந்தது. கலங்காமல் தெளிவாக வந்தால் பயப்பட வேண்டாம், மண்ணைக் கரைத்துக்கொண்டு செம்மண்ணாக வந்தால்தான் ஆபத்து என்று ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் எங்கள் ஊரின் பழைய நீர்க்கட்டி ஒருவர் சொல்வார். அது செம்மண்ணாகத்தான் வந்தது. நண்டு வளை. ஏரிக்குள் அதன் வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளியே மட்டும் அடைத்தால், தண்ணீர் வேறிடத்தில் உடைத்துக்கொண்டு வரும். அந்த நீர்க்கட்டியே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்பக்கம் இறங்கினார். காலால் தடவித் தடவிச் சுழலைக் கண்டுபிடித்து, வைக்கோலைக் களிமண்ணில் பிசைந்து திணித்து, மேலே மணல் மூட்டைகளை இறக்கச் செய்தார். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. ஏறத்தாழ நாற்பது பேர் கைமாற்றி மூட்டைகளைக் கடத்தினார்கள். நானும் நின்றேன். விடியும்போது தாரை நின்றிருந்தது. ஏரி இரண்டு முழத்துக்கு மேல் கோடி போய்க்கொண்டிருந்தது, கரை நின்றது.

கீழத்தெரு தப்பவில்லை. தெரு மேடாக இருந்ததால், பெய்த மழையெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. வெளியேறவும் வழியில்லாமல் அதே மேடு தடுத்தது. அந்தப் பெரியம்மா வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியிருக்கிறார். தையல் இயந்திரத்தை ஏற்ற முடியவில்லை. நான் போனபோது அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "உள்ள வா, வழுக்கும், பாத்து" என்றார்.

4 டிசம்பர் 2024, புதன்

சுற்றிலும் இன்னும் மோசம். வீடூர் அணையிலிருந்து சங்கராபரணியில் பெருந்தண்ணீர் போகிறது. சாத்தனூர் அணையைத் திறந்ததால் தென்பெண்ணை கரைபுரண்டு, அரசூரில் தேசிய நெடுஞ்சாலைமேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்களையும் நிறுத்தியிருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் பிழைத்தோம்.

மின்சாரம் இல்லாமல் மூன்று நாளாக மோட்டார் ஓடவில்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, நேற்றுதான் தொட்டியை ஒருமுறை நிரப்பினோம். தொட்டித் தம்பி நேற்று வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். வாடை வருகிறது என்று சிலர் முறையிட்டார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வாடை வருவதுதான் பாதுகாப்பு என்று வீடு வீடாகச் சொல்லிவருகிறோம்.

அரசு நிவாரணம் அறிவித்திருக்கிறது: பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ரூ.2,000, சேதமடைந்த குடிசைக்கு ரூ.10,000, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சம்பா கதிர் பிடிக்கும் நேரத்தில் மூழ்கிப்போனவர்களிடம் அந்தத் தொகையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். குத்தகைக்குப் பயிர் வைத்தவர்களின் பெயர் பட்டியலில் விடுபடாமல் இருக்க, கிராம நிர்வாக அலுவலரோடு நானும் வயல் வயலாக நடக்கிறேன். நிலம் ஒருவர் பெயரிலும் உழைப்பு இன்னொருவருடையதாகவும் இருக்கும் ஊர் எங்களுடையது. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிரிட்டவர் பெயர் ஏறாவிட்டால் நிவாரணமும் அவருக்குப் போய்ச் சேராது.

6 ஜனவரி 2025, திங்கள்

கடலூர் மாவட்டத்தில் தலைவராக இருந்த என் தோழி காலையில் பேசினாள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் நேற்றோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் இன்று முதல் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருக்கின்றன. எங்கள் விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021இல் தேர்தல் நடந்ததால் எங்களுக்கு மட்டும் அக்டோபர் 2026 வரை நேரம் இருக்கிறது. "வெள்ளத்தில் அடித்துப்போன சிறுபாலத்துக்கு மதிப்பீடு போட்டு வைத்திருந்தேன், இனி அதைக் கேட்க யார் போவார்கள்?" என்றாள். அலுவலர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் ஓர் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளையும் கையில் வைத்திருக்கும் ஒருவரை, இரவு இரண்டு மணிக்கு எந்த ஊர்க்காரர் போய் எழுப்ப முடியும்? உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஊருக்கு இழப்பு என்று உறுதியாக நம்புகிறேன். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த எழுபத்து மூன்றாவது திருத்தம் நடைமுறைக்கு வந்து 30 ஆண்டுகள் கடந்த பின்னும் இதைச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது.

நூறு நாள் வேலைக் கூலி நவம்பர் இறுதியிலிருந்து வரவில்லை. நாளொன்றுக்கு ரூ.319 வரை கிடைக்கக்கூடிய கூலி. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. வாய்க்காலில் முள் வெட்டியவர்களில் சிலருக்குக் கடைசி நாட்களின் கூலி இன்னும் பாக்கி.

26 ஜனவரி 2025, ஞாயிறு

குடியரசு நாள் கிராம சபைக்கு 187 பேர் வந்திருந்தார்கள். இத்தனை பேரை நான் இதுவரை கண்டதில்லை. கீழத்தெரு சாலை தவறான மட்டத்தில் போடப்பட்டது என்றும், அதற்கு ஒப்பமிட்டவள் என்ற முறையில் அந்தத் தவறு என்னுடையது என்றும் முதல் பொருளாகவே சொல்லிவிட்டேன். கல்லைப் பெயர்த்து, அடியில் உள்ள பழைய சிமெண்டை உடைத்து எடுத்து, மட்டத்தை இறக்கி, அதே கல்லைத் திரும்பப் பதிக்க வேண்டும். தெருவோரமாகக் கலங்கல் வாய்க்கால் வரை வடிகால் கட்ட வேண்டும். பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்தின் நிபந்தனையற்ற 40 விழுக்காட்டை இந்த ஆண்டு முழுவதுமாக இதற்கே ஒதுக்குவது என்று தீர்மானித்தோம். மேலத்தெருவுக்கு வைத்திருந்த வேலை அதனால் தள்ளிப்போகிறது. மேலத்தெருக்காரர்கள் சிலர் எதிர்த்துப் பேசினார்கள். அவர்களின் எதிர்ப்பும் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

மூன்று குடும்பங்களுக்கான மனையை அளக்க நில அளவர் வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. தேதி இன்னும் சொல்லவில்லை. அதுவரை அவர்கள் ஊராட்சியின் சேவை மையக் கட்டடத்திலேயே இருக்கட்டும் என்று சபை ஒப்புக்கொண்டது.

கூட்டம் முடிந்ததும் கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயோடு கீழத்தெருவுக்குப் போனோம். ஒரு முனையைத் தெரு நடுவில் நிறுத்தி, மறுமுனையைப் பெரியம்மா தம் வீட்டுச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் அசைந்து அடங்கிய இடத்தில் கொத்தனார் கரித்துண்டால் கோடு போட்டார். வாசற்படிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே 11 அங்குலம். பதினாறு வீடுகளுக்கும் அப்படியே அளந்து, வீட்டுக்காரர் பெயரோடு குறித்துக்கொண்டோம்.