உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவும் எங்கள் பின்னேர பஸ்சும்

பக்கத்து ஊர்த் தாய்மார் அடிக்கடி ரெலிபோனில் கேட்கிறார்கள்: "உங்கட ஊர்ப் பெட்டையள் எப்பிடி ரெக்னோலொஜி படிக்கப் போனவை? ஆரைப் பிடிச்சனீங்கள்?" ஒருவரையும் பிடிக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தபடியால் கடிதங்களில் பாதி என் கையால்தான் போனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது சுகம்.

ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட காட்டுப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதிச் சந்தியில் இருந்து உள்ளே மூன்று கட்டை. எங்கள் பள்ளிக்கூடம் வகை 2, அதாவது பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். உயர்தரத்துக்கு, அதாவது பன்னிரண்டாம் பதின்மூன்றாம் வகுப்புக்கு, வெளியே போகவேண்டும். போனால் கிட்ட இருப்பது 1சி பாடசாலை, அங்கே கலையும் வர்த்தகமும் உண்டு. விஞ்ஞானம், கணிதம், தொழில்நுட்பம் எல்லாம் 1ஏபி பாடசாலையில்தான், அது அதற்கும் அங்காலே. ஆண் பிள்ளைகள் சைக்கிளிலோ, ஆரும் ஒரு அண்ணனின் மோட்டார்சைக்கிளிலோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் எது கிட்டவோ அதைப் படிப்பார்கள். விஞ்ஞானத்தில் ஏ எடுத்த பிள்ளையும் அப்படித்தான் கலைப்பிரிவுக்குப் போனாள். கலையைக் குறைத்துச் சொல்லவில்லை, விரும்பிப் படித்தால் அதுவும் நல்ல படிப்புத்தான். அவளுக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எல்லோரும் சொன்னது, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்குவோம் என்று. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. அதிபரோடும் கல்விப் பணிமனையில் இருந்த ஒரு அதிகாரியோடும் இருந்து கதைத்தபோதுதான் கணக்கு விளங்கியது. பாடசாலையைத் தரமுயர்த்த வேண்டும், போதிய மாணவர் தொகை காட்டவேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், இதெல்லாவற்றுக்கும் மேலாகத் தொழில்நுட்பப் பாடங்களைப் படிப்பிக்கக்கூடிய பட்டதாரி ஆசிரியர்கள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து விடிய நாலு மணிக்கு எழும்பி வான் பிடித்து வந்து, கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுத்துப் போகிறவர்களை நம்பித்தான் வன்னியில் பல பள்ளிக்கூடங்கள் ஓடுகின்றன. அவர்களில் பிழை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஆசிரியர் மாறிப் போனதும் மூடப்படக்கூடிய பிரிவை நம்பி எங்கள் பிள்ளைகளின் இரண்டு வருசத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அதிகாரி ஒளிக்காமல் சொன்னார்: "அக்கா, அனுமதி எடுக்கலாம். ஆக்களை எடுக்கிறதுதான் கஷ்டம்." சரி, கட்டிடமும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தோம். சங்கத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பெயர்ப்பலகை எங்கள் ஊரில் இருக்கவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு.

அப்புறம் வீடு வீடாகப் போனோம். தொழில்நுட்பப் பிரிவு உயர்தரத்துக்கு வந்தது 2013 இல், முதற் பரீட்சை 2015 இல். இத்தனை வருசம் போயும் எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு அது கராஜில் பழகுகிற வேலை மாதிரித்தான் தெரிந்தது. "பொம்பிளைப் பிள்ளை எண்ணெய்க் கையோட நிண்டால் ஆர் பிள்ளை கட்டுவினம்?" என்று ஒரு அம்மம்மா கேட்டார். அதில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று பொறியியல் தொழில்நுட்பவியல், மற்றது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்று விளங்கப்படுத்தினோம். இரண்டுக்கும் பொதுவாக எஸ்.எஃப்.ரி என்று பிள்ளைகள் சொல்கிற தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம். மூன்றாம் பாடமாகத் தகவல் தொழில்நுட்பம், விவசாயம் போன்றவற்றில் ஒன்றை எடுக்கலாம். உயிர்முறைமைகளில் மண், நீர்ப்பாசனம், நில அளவை, பச்சை வீடு, அறுவடைக்குப் பிறகு பழம் மரக்கறி பழுதாகாமல் வைத்திருக்கிற முறை எல்லாம் வரும் என்றதும் அந்த அம்மம்மா, "இது நாங்கள் செய்யிற வேலைதானே, இதுக்கும் சோதினையோ?" என்றார். அதற்குப் பிறகு அவருடைய பேத்தியைப் பற்றிக் கதைக்க விட்டார்.

நாங்கள் சொன்னதை விட, அறிவியல் நகரில் படித்த பிள்ளை ஒருத்தி வந்து சொன்னதுதான் எடுபட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் இருக்கிறது. விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அங்கேதான். அந்தப் பிள்ளையும் எங்களைப் போல உள்ளூர்க்காரி, தகப்பன் இல்லை. தாய்மார் அவளிடம் பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விடுதியில் எத்தனை பேர், சாப்பாடு எப்படி, வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்றுதான் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவையே சரியான கேள்விகள்.

பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. விஞ்ஞானம் சாதாரண தரத்தில் எல்லோரும் கட்டாயம் எடுக்கிற பாடம், ஆனால் ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் அதைப் பாடமாக்கத்தான் முடியும். எங்கள் விஞ்ஞான மிஸ் அதற்கு விடவில்லை. இரண்டு பென்சில்களை இரண்டு நுனியிலும் சீவி, பற்றரியில் இணைத்து, உப்புத் தண்ணீரில் விட்டு மின்பகுப்பு காட்டினார். குமிழி வந்தது, ஒரு பக்கத்தில் குளோரின் மணத்தது, ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். செவ்வரத்தம்பூவை அவித்த சாற்றில் தேசிக்காய்ப்புளி விட்டால் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். பிள்ளைகளுக்கு நல்லாய்ப் பிடித்தது கிணற்றுத் தண்ணீர்தான். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கிணற்றில் ஒரு போத்தல் கொண்டுவந்தாள். ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சவர்க்காரக் கரைசல், எது எவ்வளவு நுரைக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு கொதிக்கவைத்து ஆறவிட்டுத் திரும்பச் செய்தார்கள். சிலவற்றில் நுரை கூடியது, சிலவற்றில் அப்படியே இருந்தது. தற்காலிக வன்மை, நிரந்தர வன்மை என்று புத்தகத்தில் இருக்கும் இரண்டு சொல்லும் அன்றைக்கு ஊர்க் கிணறுகளாக மாறிப்போயின. கேத்தில் அடியில் ஏன் வெள்ளையாகப் படிகிறது என்று வீட்டில் தாய்மாருக்கு விளக்கம் வேறு. சிறுநீரக வருத்தம் உள்ள குடும்பங்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன, ஆகவே தண்ணீர் என்றால் எல்லோரும் காது கொடுப்பார்கள். சவர்க்கார நுரையை வைத்து அந்த வருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல ஏலாது என்பதையும் மிஸ் தெளிவாகச் சொன்னார்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தது. பாஸ் பண்ணிய பிள்ளைகள் இருந்தார்கள், விருப்பமும் இருந்தது. தாய்மார் பின்வாங்கினார்கள். காரணம் பஸ்.

இந்த இடத்தில்தான் வெளியில் இருந்து வருகிற திட்டக்காரர்கள் பிழை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். கொம்பியூட்டர் தருவார்கள், பயிற்சிப் பட்டறை வைப்பார்கள், பெண் பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவு என்று அறிக்கை எழுதுவார்கள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும், இரண்டு மணி பஸ்சில் வரலாம், அதில் பிரச்சினை இல்லை. செய்முறை வகுப்பு நாலு மணி மட்டும் போகும். அடுத்த பஸ் ஐந்தரைக்கு. சந்தியில் இறங்க ஆறே கால், மார்கழியில் அது இருட்டு. பிறகு அந்த மூன்று கட்டை, வெளிச்சம் இல்லாத காட்டுப் பாதை, யானை கடக்கிற பாதை. 2009 க்குப் பிறகு தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார் எங்கள் ஊரில் கனபேர். கூலி வேலைக்குப் போய் வருகிறவர்கள் எப்படிச் சந்தியில் போய் நிற்பது? இதைப் பயம் என்று சொல்லி ஒதுக்கக்கூடாது, அது சரியான கணக்கு. ஒரு தகப்பன் இன்னொன்றும் கேட்டார்: "2022 இல டீசல் இல்லாமல் பஸ் நிண்டது. அப்பிடி வந்தால் என்ன செய்வியள்?" எங்களிடம் பதில் இருக்கவில்லை.

தனியார் பஸ் உரிமையாளர் ஒருவரிடம் முதலில் போனோம். நல்ல மனுசன், நாலேகாலுக்கு வர ஆசைதான் என்றார். ஆனால் தனியார் பஸ்சின் நேரம் வழித்தட அனுமதியோடு கட்டப்பட்டது. நேரத்தை மாற்றினால் அவருக்கு முன்னும் பின்னும் ஓடுகிறவர்களின் சனத்தை ஏற்றுகிறார் என்று முறைப்பாடு போகும். மாற்றுவதென்றால் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்குத்தான் எழுதவேண்டும். அதோடு பள்ளிக்கூடப் பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ்சில் மட்டும்தான் செல்லும், தனியாரில் நாளாந்தம் காசு.

ஆகவே இ.போ.ச. சாலைக்கு, அதாவது பஸ் டிப்போவுக்குப் போனோம். ஐந்தரை பஸ்சை நாலேகாலுக்கு முன்னே எடுங்கள் என்று கேட்டோம். அடுத்த கிழமை எங்களிடம் சண்டைக்கு வந்தவர்கள், டவுனில் வேலை முடிந்து அந்த பஸ்சில் வருகிற எங்கள் ஊர் ஆட்களே. அவர்கள் கேட்டதும் நியாயம். பிறகுதான் அந்த பஸ் சாரதி ஒரு வழி சொன்னார்: பஸ் இரண்டு மணி ஓட்டம் முடிந்து சும்மாதான் நிற்கிறது, இடையில் ஒரு ஓட்டம் போய்வரலாம், டீசலுக்கு வசூல் வருமா என்பதைக் காட்டுங்கள் என்று. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் சந்தியில் இருந்து கணக்கெடுத்தோம். ஆஸ்பத்திரிக் கிளினிக் முடிந்து நிற்கிறவர்கள், ரியூசன் பிள்ளைகள், சந்தைக்குப் போனவர்கள் என்று நாலு மணிக்குக் காத்திருக்கிறவர்களை எழுதினோம். அதிபரின் கடிதம், பெற்றோரின் ஒப்பம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம், பிரதி பிரதேச செயலாளருக்கு. மனுவில் "பெண் கல்வி" என்று நீட்டி எழுதவில்லை. எத்தனை சனம், எந்த நேரம், எந்த இடம், அவ்வளவுதான் இருந்தது. பதில் வரக் காலம் எடுத்தது. வந்தது, கிழமையில் இரண்டு நாள் பரீட்சார்த்தமாக என்று.

இரண்டு நாள் என்றதும் 1ஏபி பாடசாலையின் அதிபரிடம் போய், செய்முறை வகுப்புகளை அந்த இரண்டு நாளிலும் வைக்க முடியுமா என்று கேட்டோம். நேரசூசியை மாற்றிக் கொடுத்தார். சந்தியில் இருந்து ஊருக்கு வரத் தாய்மார் முறை வைத்தோம், இரண்டு பேர் சைக்கிளோடு போய் நிற்பது, பிள்ளைகள் கூட்டமாக வருவது. சங்கக் கூட்டங்களில் வாய் திறக்காத ஒரு அண்ணை, முறையே இல்லாமல் தன் லாண்ட்மாஸ்ரரோடு, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தோடு, மழை நாட்களில் வந்து நின்றார்.

சேர்க்கும்போது கேட்கிற கடதாசிகள்: விடுகைப் பத்திரம், பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், நற்சான்றிதழ். பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள், இப்போதே பாருங்கள். இடப்பெயர்வில் தொலைந்து பிறகு எடுத்த பிரதிகளில் பெயரின் எழுத்து ஒன்றாகவும் பரீட்சை அனுமதியில் வேறாகவும் இருந்த பிள்ளைகள் அலைந்தார்கள்.

வகுப்புக்குள் போன பிறகும் ஒன்று இருந்தது. நில அளவைக்கான மட்டக்கருவியை வெளியே எடுத்தால் பொடியள் பிடிப்பார்கள், பெட்டையள் கொப்பியில் வாசிப்புகளை எழுதுவார்கள். எழுத்து வடிவாய் இருக்கிறதாம். உயர்தரத்தில் செய்முறைப் பரீட்சையும் இருப்பதால் கருவியில் கை வைக்காத பிள்ளைக்கு அங்கேயே புள்ளி போய்விடும். பிள்ளைகள் வீட்டில் சொல்லி, நாங்கள் சேரிடம் சொல்லி, அவர் சுழற்சி முறை போட்டார். ஆய்வுகூடத்துக்குக் கிட்ட இருந்த பெண்கள் மலசலகூடத்துக்குத் தண்ணீர் இணைப்பு எடுப்பித்ததும் அந்த நாட்களில்தான். அது இல்லாமல் மாதத்தில் சில நாள் பிள்ளைகள் செய்முறைக்கு நிற்காமல் வந்துவிடுவார்கள் என்பதை ஆண் ஆசிரியர்களிடம் சொல்ல ஒரு தாய்க்கு வாய் வேண்டும். எங்களில் ஒருத்திக்கு இருந்தது.

பல்கலைக்கழகம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: உயர்தரப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாகக் கணக்கிட்டுத் தருகிற இசட் புள்ளியை வைத்துத்தான் தெரிவு. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமும் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். புள்ளி காணாவிட்டால் அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி அங்கே உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். ஒருத்தி உயிர்முறைமைகளில் பல்கலைக்கழகம் போய்விட்டாள். ஒருத்தி பாதியில் கல்யாணம் கட்டிப் போனாள், தாய்க்கு வருத்தம், அவளுக்கு இல்லை.

பொறியியல் தொழில்நுட்பத்துக்கு இன்னும் எங்கள் ஊரில் இருந்து ஒரு பெண் பிள்ளையும் போகவில்லை. கேட்கிற பிள்ளை இருக்கிறாள். அதற்கு வேலைத்தல வகுப்பு சனிக்கிழமையில் வைக்கிறார்கள், சனிக்கிழமை எங்கள் பக்கம் பின்னேர பஸ்சே இல்லை. சாலைக்குக் கொடுக்கச் சந்தியில் சனிக்கிழமைக் கணக்கெடுப்பு தொடங்கியிருக்கிறோம், வருகிற கிழமை என்னுடைய முறை.