இளநீரும் ரசமும்

போன சித்திரை வெயிலில் தினம் ஓர் இளநீர் குடித்தேன். பிரஷருக்கு நல்லது என்று யாரோ சொன்னதால், வீட்டில் உப்பையும் மாற்றி 'லோ சோடியம்' உப்பு வாங்கியிருந்தோம். சிறுநீரகம் மந்தமாகி, அது வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 2.8 இருந்த எனக்கு இரண்டுமே ஆகாது என்று தெரியவில்லை. ஒருநாள் காலில் பலமே இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.1. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. உடனே ஈசிஜி எடுத்து அட்மிட் செய்தார்கள். இப்படி ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்த்திருந்தது பொட்டாசியம் குளோரைடு. அன்றே குப்பையில் போட்டாள்.

இளநீரைப் போலவே பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழம், முருங்கைக்கீரை, தக்காளி, தேங்காய் எல்லாம் நின்றன. சுரைக்காய், புடலங்காய், கோஸ், ஆப்பிள் அளவோடு வந்தன. எங்களுக்குப் பெரிய பாடம் சமைக்கும் முறையில்தான். பொட்டாசியம் தண்ணீரில் கரையும். காயைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். குக்கரில் அளவாகத் தண்ணீர் விட்டு வைத்து அப்படியே இறக்கினால் பயனில்லை.

முதல் நாள் கேரட்டும் பீன்ஸும் வெந்த தண்ணீர் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் சிங்க்கில் இறங்கியது. "சத்தெல்லாம் அதுலதானேடா இருக்கு" என்று அம்மா அங்கலாய்த்தார். அந்தச் சத்துதான் வெளியேற வழியில்லாமல் என் ரத்தத்தில் தேங்கியது என்று அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. வடித்த காயில் ருசி கொஞ்சம் குறையும். சீரகமும் பூண்டும் தாராளமாகப் போட்டால் சமாளிக்கலாம்.

டாக்டர் பிரஷர் மாத்திரையையும் மாற்றினார். சில மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றுமாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேட்டார். சிறுநீரகம் மந்தமானால் குடல் வழியாக வெளியேறுவதும் முக்கியமாகிவிடுகிறது.

சிறுநீரகப் பிரச்சினை உள்ள எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து, டாக்டர் சொன்னால் மட்டும் தொடங்குங்கள்.

இரண்டு மாதத்தில் 4.7க்கு வந்தது. அடுத்த முறை போனதும் ரசத்தைப் பற்றித்தான் கேட்டேன். தக்காளி, பருப்புத் தண்ணீர் இல்லாமல் மிளகு ரசம், அரை டம்ளர், வாரம் இரண்டு நாள் என்றார். செவ்வாயும் வெள்ளியும் மனைவி வைக்கிறாள்.